வீட்டுக் கணினியில் போர் விமானம் ஓட்டக் கற்பது: முஸ்டாங்கிலிருந்து ஹார்னெட் வரை

போர் விமான சிமுலேட்டருக்குள் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். எஃப்-16 வாங்குவார்கள், யூடியூபில் ஒரு காணொளி பார்த்து ஏவுகணை விடக் கற்பார்கள், இரண்டு எதிரி விமானங்களை வீழ்த்துவார்கள். அப்புறம் எரிபொருள் குறைந்து திரும்பி வரும்போது இறங்கத் தெரியாமல் ஓடுபாதையைத் தாண்டிப் போய் விழுவார்கள். சில வாரங்களில் ஜாய்ஸ்டிக் அலமாரிக்குப் போய்விடும். கற்கும் வரிசை தலைகீழாக இருப்பதுதான் இதற்குக் காரணம். எந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டைப் புரட்டி எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். வேகத்தையும் உயரத்தையும் கையால் பிடித்து நிறுத்துவது பழகப் பழகத்தான் வரும். ஆகவே இந்த வழிகாட்டியில் முதல் குண்டு விழ நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த சிமுலேட்டர்

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனத்தின் டிசிஎஸ் வேர்ல்ட். அடிப்படை ஆட்டம் இலவசம். அதனுடன் இரண்டு விமானங்களும் (எஸ்யு-25டி, டிஎஃப்-51டி முஸ்டாங்), காக்கசஸ், மரியானா என்று இரண்டு வரைபடங்களும் காசில்லாமல் கிடைக்கின்றன. மற்ற விமானங்களை மாட்யூல் மாட்யூலாக வாங்க வேண்டும். பெரிய ஜெட் ஒன்றின் முழு விலை 80 டாலர் அளவில் இருக்கும், ஆனால் வருடத்தில் பலமுறை தள்ளுபடி வரும். முழு விலைக்கு வாங்க அவசரப்பட வேண்டியதே இல்லை.

மாற்று வேண்டுமென்றால் ஃபால்கன் பிஎம்எஸ் இருக்கிறது. 1998 இல் வந்த ஃபால்கன் 4.0 ஆட்டத்தின் மேல் ஆர்வலர்கள் வருடக்கணக்காகக் கட்டியெழுப்பியது. அந்தப் பழைய ஆட்டத்தை மலிவாக வாங்கினால் போதும், மற்றதெல்லாம் இலவசம். எஃப்-16 மட்டும்தான் வேண்டும், நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும் ஒரு போர் வேண்டும் என்றால் அதற்கு நிகர் இன்னும் வரவில்லை. இரண்டாம் உலகப்போர் விமானங்கள்தான் பிடிக்கும் என்றால் ஐஎல்-2 ஸ்டுர்மோவிக். கீழே சொல்லும் வரிசை இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கருவிகள்

கணினியில் முதலில் பார்க்க வேண்டியது எஸ்எஸ்டி, அடுத்தது ரேம். டிசிஎஸ்ஸை ஹார்ட் டிஸ்கில் போட்டு ஓட்டுவது சித்திரவதை. 16 ஜிபி ரேமில் சிறு மிஷன்கள் ஓடும். கூட்டமான மிஷன்களுக்கும் இணைய சர்வர்களுக்கும் 32 ஜிபி வேண்டும். வரைபடங்கள் ஒவ்வொன்றும் பல பத்து ஜிபி பிடிக்கும், அதற்கும் இடம் ஒதுக்கி வையுங்கள்.

ஜாய்ஸ்டிக் இல்லாமல் தொடங்காதீர்கள். கீபோர்டால் போர் விமானம் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். முறுக்கினால் ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் சுக்கான்) திரும்பும் கைப்பிடி இருக்கட்டும், தனி பெடல் இப்போது தேவையில்லை. லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ ஆரம்பத்துக்குப் போதும். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம். அதில் இருப்பது காந்த சென்சார் என்பதால் சீக்கிரம் தேய்ந்து ஆடத் தொடங்காது. விகேபி கிளாடியேட்டர் இன்னும் ஒரு படி மேல். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி தனியாக நிற்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஜாய்ஸ்டிக்குக்கு அடுத்த காசை எங்கே போடுவது? பலரும் விலையுயர்ந்த த்ராட்டிலுக்கு (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) போகிறார்கள். என்னைக் கேட்டால் தலை அசைவைப் பின்தொடரும் வசதிக்குத்தான் முதலிடம். தலையைத் திருப்பினால் காக்பிட்டுக்குள் பார்வையும் திரும்ப வேண்டும். திரும்பிப் பார்க்க முடியாதவரால் வளைந்து இறங்கவும் முடியாது, பின்னால் வரும் எதிரியைத் தேடவும் முடியாது. ட்ராக்ஐஆர் வாங்கலாம். ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளைச் சாதாரண வெப்கேமோடு இணைத்தாலும் முக்கால்வாசி வேலை நடந்துவிடும், செலவு பூஜ்யம். விஆர் ஹெட்செட் அற்புதமான அனுபவம்தான். ஆனால் அதற்கு வலுவான கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், மடியில் வைத்த கையேட்டையும் படிக்க முடியாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பறக்கும் முன் செட்டிங்ஸ்

இதைச் சொல்லாமல் விட்டால் பாதிப்பேர் முதல் நாளே ஓடிப்போவார்கள். புதிய கருவி எதைச் செருகினாலும் டிசிஎஸ் தானாகவே அதற்கு அச்சுகளை, அதாவது எந்தக் கை அசைவு விமானத்தில் எதை அசைக்கும் என்பதை, ஒதுக்கிவிடும். ஜாய்ஸ்டிக்கும் தனி த்ராட்டிலும் இருந்தால், மூக்கை ஏற்றி இறக்கும் வேலையை இரண்டுக்கும் கொடுத்து வைத்திருக்கும். த்ராட்டிலைத் தள்ளினால் விமானம் குப்புறக் கவிழும். கன்ட்ரோல்ஸ் பக்கத்தில் அச்சுகளின் பட்டியலைத் திறந்து பிட்ச் (மூக்கை ஏற்றி இறக்குவது), ரோல் (இடம் வலம் சாய்ப்பது), ரட்டர், த்ரஸ்ட் (எஞ்சின் சக்தி) ஒவ்வொன்றும் ஒரே ஒரு கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றவற்றை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

பிறகு பிட்ச், ரோல் இரண்டுக்கும் கர்வ் 15 அல்லது 20 கொடுங்கள். சிறிய ஜாய்ஸ்டிக்கின் நடுப்பகுதி அப்போதுதான் மென்மையாக இருக்கும். அதற்கு மேல் போனால் ஓரத்தில் திடீரென்று எகிறும். பறக்கும்போது வலது கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று காட்டும் சிறு கட்டம் திரையில் வரும். முதல் சில மாதங்களுக்கு அதை அணைக்காதீர்கள். விமானம் தானாக இழுக்கிறது என்று தோன்றும்போதெல்லாம் அந்தக் கட்டத்தைப் பாருங்கள், பெரும்பாலும் இழுப்பது உங்கள் கையாக இருக்கும்.

ஆயுதமில்லாத விமானத்தில் ஆரம்பியுங்கள்

டிஎஃப்-51டி என்பது முஸ்டாங்கின் ஆயுதமில்லாத வடிவம். அதனாலேயே பலரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் இலவசத் தொகுப்பில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் விமானம் அதுதான். காக்பிட்டில் உள்ள சுவிட்சுகளை மவுஸால் சொடுக்கி இயக்கலாம். எஞ்சினின் முறுக்குவிசை மூக்கை இடப்பக்கம் இழுக்கும், வால் சக்கரம் பின்னால் இருப்பதால் தரையில் முன்னே பார்ப்பதும் கஷ்டம். ஜெட் விமானம் மறைத்துவிடும் தவறுகளையெல்லாம் இது முகத்துக்கு நேரே காட்டும்.

ட்ரிம் என்பது கையால் அழுத்திப் பிடிக்காமலே விமானத்தை ஒரு நிலையில் நிறுத்தும் சரிசெய்தல். ரட்டர் ட்ரிம்மை 6 டிகிரி வலப்பக்கம் வையுங்கள். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தே பிடியுங்கள், வால் சக்கரம் அப்போதுதான் பூட்டியிருக்கும். த்ராட்டிலை மெதுவாக, மிக மெதுவாக ஏற்றுங்கள். ஒரேயடியாகத் தள்ளினால் ரன்வேக்குப் பக்கத்துப் புல்லில் நிற்பீர்கள். மேலே போனதும் மூன்றே பயிற்சிகள்: உயரத்தை 100 அடிக்கு மேல் மாறவிடாமல் நேராகப் பறப்பது, 45 டிகிரி சாய்ந்து உயரம் இழக்காமல் முழு வட்டம் அடிப்பது, ஒவ்வொரு முறை வேகம் மாறும்போதும் ட்ரிம் செய்து கையை எடுத்தாலும் விமானம் அப்படியே போகும்படி வைப்பது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ட்ரிம் செய்யாதவர் ஸ்டிக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே பறப்பார், ரேடாரைப் பார்க்க அவருக்கு மூளையில் இடமிருக்காது.

காக்கசஸ் வரைபடத்தில் ஜார்ஜியாவின் கருங்கடல் கரையில் உள்ள படூமியிலிருந்து கிளம்பி, கரையோரமாக வடக்கே கோபுலெட்டிக்குப் போய் இறங்குங்கள். கடல் ஒரு பக்கம் இருப்பதால் வழி தவறாது. காற்றில்லாத பகலில் அது சுலபமான பிறகு, மிஷன் எடிட்டரில் பக்கக் காற்றைக் கொஞ்சம் கூட்டி மறுபடி செய்யுங்கள்.

எஸ்யு-25டிக்கு அப்புறம் வரலாம். அது ரஷ்யத் தரைத்தாக்கு ஜெட். சுவிட்சுகளைச் சொடுக்க முடியாது, எல்லாம் கீபோர்டிலும் பட்டன்களிலும்தான். அளவுகள் கிலோமீட்டரிலும் மீட்டரிலும் இருக்கும். ஆயுதம் ஏற்றினால் லாரி மாதிரி கனக்கும். அதன் ஷ்க்வால் கேமரா 23 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும். அதில் டாங்கியைப் பூட்டி, லேசர் கற்றை வழியே போகும் விக்ர் ஏவுகணையை விடுவது, காசு கொடுக்காமல் கிடைக்கும் அனுபவங்களில் நல்ல ஒன்று. சென்சார், இலக்கு, ஆயுதம் என்ற மூன்று கட்ட யோசனை இங்கே பழகிவிடும்.

ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றை மட்டும்

டிசிஎஸ்ஸின் சொந்தப் பதிப்பில் (ஸ்டீம் வழியாக அல்ல) பெரும்பாலான மாட்யூல்களை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். அதைப் பயன்படுத்துங்கள். வாங்கும் முன் அந்த மாட்யூலைச் செய்தவர்கள் இப்போதும் அதைக் கவனிக்கிறார்களா என்றும் பாருங்கள். எஃப்-15இ மாட்யூலைச் செய்த ரேஸ்பேம் நிறுவனத்துக்கும் ஈகிள் டைனமிக்ஸுக்கும் இடையிலான பணத் தகராறு 2024 இல் வெளியே வந்தபோது, அதை வாங்கியவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

நம் ஊரில் உடனே ஒரு கேள்வி வரும்: சூலூரின் தேஜஸ், தஞ்சாவூரின் சுகோய்-30 இதில் உண்டா? இரண்டுக்கும் அதிகாரபூர்வ மாட்யூல் இல்லை. மிக்-21பிஸ் உண்டு. 2025 செப்டம்பரில் இந்திய விமானப்படை விடைகொடுத்த மிக்-21 பைசனின் மூல வடிவம் அது. அழகான விமானம், ஆனால் இறங்கும் வேகம் மிக அதிகம், மன்னிக்கும் குணம் குறைவு. இரண்டாவது விமானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விமானத்துக்கு என் சிபாரிசு எஃப்/ஏ-18சி ஹார்னெட். வான் சண்டை, குண்டு வீச்சு, விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவது எல்லாம் ஒரே விமானத்தில் கிடைக்கிறது. முரட்டுத்தனமாக இறக்கினாலும் அதன் சக்கரக் கால்கள் தாங்கும். எஃப்-16 தான் வேண்டும் என்று மனசு சொன்னால் அதையே எடுங்கள், கீழே உள்ள வரிசை மாறாது.

எஞ்சினை உயிர்ப்பித்தல்

இடது விண்டோஸ் பட்டனையும் ஹோமையும் அழுத்தினால் விமானம் தானே தயாராகும். அந்த வசதி இருப்பதை மறந்துவிடுங்கள். ஹார்னெட்டைக் கையால் எழுப்புவது பயமுறுத்தும் அளவுக்குக் கடினமில்லை, ஒவ்வொரு அடிக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

பேட்டரியைப் போடுங்கள். ஏபியு எனும் சிறு எஞ்சினைப் போட்டுப் பச்சை விளக்குக்குக் காத்திருங்கள். பெரிய எஞ்சின்களைச் சுழற்றும் அழுத்தக் காற்று அதிலிருந்துதான் வருகிறது. எஞ்சினைச் சுழற்றத் தொடங்கும் கிராங்க் சுவிட்சை வலப்பக்கம் தள்ளுங்கள். ஏன் வலது முதலில்? பிரேக்குக்கும் முன்சக்கரத்தைத் திருப்புவதற்கும் சக்தி தரும் ஹைட்ராலிக் பம்ப் வலது எஞ்சினில் இருக்கிறது. சுழற்சி 20 சதவீதத்தைத் தாண்டியதும் வலது த்ராட்டிலை ஐடிலுக்கு (குறைந்தபட்ச ஓட்டம்) கொண்டுவாருங்கள். அது 60க்கு மேல் நிலைத்ததும் ப்ளீட் ஏர் (எஞ்சினிலிருந்து எடுக்கும் காற்று) குமிழை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நார்மலில் நிறுத்துங்கள். திரைகளையும் ஹெச்யுடியையும் (கண்ணுக்கு நேரே கண்ணாடியில் எண்களும் குறிகளும் தெரியும் காட்சி) போட்டுவிட்டு இடது எஞ்சினைக் கிளப்புங்கள்.

உடனே ஐஎன்எஸ் எனும் இருப்பிடம் கணிக்கும் கருவியின் குமிழைத் தரை நிலைக்குத் திருப்புங்கள், கப்பலில் இருந்தால் கப்பல் நிலைக்கு. விமானம் தான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரத்தில் மற்றதை முடிக்கலாம்: எஃப்சிஎஸ் (பறப்பைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீசெட், ஃப்ளாப்ஸ் (இறக்கையின் பின்விளிம்பு மடல்கள்) பாதி, டேக்-ஆஃப் ட்ரிம் பட்டன், ஆக்சிஜன், ரேடார், எஜெக்‌ஷன் சீட். கடைசியாகச் சொன்னது ஆபத்தில் விமானியை வெளியே எறியும் இருக்கை, அதைப் போட மறந்தால் தேவைப்படும் நேரத்தில் இழுத்தாலும் ஒன்றும் நடக்காது.

காகிதத்தில் இந்த வரிசையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், பத்துப் பன்னிரண்டு வரிதான் வரும். கையால் எழுதியது மனசில் நிற்கும்.

இறங்குவது

இந்தப் பகுதியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கத் தெரிந்தவருக்கு வேகக் கட்டுப்பாடு, ட்ரிம், பார்வையை எங்கே வைப்பது எல்லாம் தெரியும். சண்டைக்குத் தேவையான பாதி அதிலேயே இருக்கிறது.

ஹார்னெட்டில் இறங்கும்போது வேக எண்ணைத் துரத்த வேண்டாம். அந்த எண் எடைக்கேற்ப மாறும். மாறாதது ஏஓஏ, அதாவது இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம். ஹார்னெட்டுக்கு அது 8.1 டிகிரி. ரன்வேக்குப் பத்து மைல் முன்பே 250 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்துக்குக் கீழே வந்து, கியரையும் (சக்கரக் கால்கள்) முழு ஃப்ளாப்ஸையும் இறக்குங்கள். வேகம் குறையக் குறைய ட்ரிம்மைத் தட்டித் தட்டி 8.1க்குக் கொண்டுவாருங்கள். ஹெச்யுடிக்குப் பக்கத்தில் உள்ள விளக்கில் மஞ்சள் வட்டம் எரிந்தால் சரியான கோணம். பச்சை எரிந்தால் மெதுவாகப் போகிறீர்கள், சிவப்பு எரிந்தால் வேகம் அதிகம்.

இனி வருவதுதான் புதியவர்களைக் குழப்பும். கியரும் ஃப்ளாப்ஸும் இறங்கிய நிலையில் ஹார்னெட்டின் கணினி நீங்கள் ட்ரிம் செய்த கோணத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். ஸ்டிக்கை இழுத்து உயரத்தைச் சரிசெய்யப் போனால் கோணம் கெட்டுவிடும். உயரத்தைத் த்ராட்டிலால் சரிசெய்யுங்கள்: கீழே போனால் கொஞ்சம் கூட்டுங்கள், மேலே நின்றால் கொஞ்சம் குறையுங்கள். ஸ்டிக் இடம் வலம் சாய்ப்பதற்கு மட்டும். இடது கை ஓயாமல் அரை அங்குலம் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும், அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஹெச்யுடியில் சின்ன விமான வடிவில் ஒரு குறி மிதக்கும். விமானம் உண்மையில் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று காட்டுவது அதுதான், மூக்கு காட்டும் திசை வேறு. அந்தக் குறியை அடிவானத்துக்கு 3 டிகிரி கீழே, ரன்வேயின் தொடக்கத்தின் மேல் வையுங்கள். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி மிதக்கவிடும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். கப்பலுக்குச் செய்த கால்கள், அப்படியே மோதவிடுங்கள். மூன்று முறை தொடர்ச்சியாக மஞ்சள் வட்டத்தோடு, ரன்வேயின் முதல் கால்பகுதிக்குள் இறங்க முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம். அதுவரை ஆயுதப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

கப்பல் இறக்கமும் இதேதான். ரன்வே நகரும், சாய்ந்திருக்கும், குட்டையாக இருக்கும், அவ்வளவு வித்தியாசம். கப்பலுக்கு மேல் 800 அடியில் 350 நாட் வேகத்தில் வந்து இடப்பக்கம் திரும்பி, எதிர்த்திசையில் 600 அடியில் பறந்து, கடைசி நேர்கோட்டில் 15 முதல் 18 வினாடி மட்டும் இருக்கும்படி வளைந்து வர வேண்டும். எடை 33,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் எரிபொருளைக் கொட்டிவிட்டு வாருங்கள். சக்கரம் தட்டிய கணமே த்ராட்டிலை முழுசாகத் தள்ள வேண்டும், கொக்கி கம்பியைப் பிடிக்காவிட்டால் மறுபடி மேலே போக.

ஆயுதங்கள்: எளிதிலிருந்து கடினத்துக்கு

முதலில் வழிகாட்டல் எதுவுமில்லாத எம்கே-82 குண்டு. 10,000 அடியிலிருந்து 30 டிகிரி பாய்ச்சல், 450 நாட் அளவில் வேகம், குண்டு விழப்போகும் இடத்தைக் காட்டும் சிசிஐபி குறி இலக்கைத் தொட்டதும் குண்டை விட்டு, 4,000 அடிக்குள் மேலே எழும்பிவிடுங்கள். அடிக்க முடிகிறதா என்பதை விட, ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில், ஒரே வேகத்தில் வருகிறீர்களா என்று பாருங்கள். வருகை ஒழுங்கானால் குண்டும் ஒழுங்காகும்.

அடுத்தது லேசர் குண்டு ஜிபியு-12. இங்கே பலரும் தடுக்கி விழுவது குறியீட்டில். குண்டுக்கும், குறிபார்க்கும் பாட் எனும் கேமரா-லேசர் கருவிக்கும் ஒரே லேசர் குறியீடு இருக்க வேண்டும், டிசிஎஸ்ஸில் வழக்கமாக 1688. லேசரைச் சுட மறந்தாலும் குண்டு வயலில்தான் விழும். ஜிபிஎஸ் குண்டு ஜிபியு-38 இதைவிடச் சுலபம், ஆனால் ஆயுதப் பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுத்துச் சில நிமிடம் தயாராக விட வேண்டும்.

இதற்கெல்லாம் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: உங்கள் விரலில் உள்ள கர்சர் இப்போது எந்தத் திரைக்குச் சொந்தம்? ஹார்னெட்டில் அந்தத் திரையின் வலது மேல் மூலையில் சின்ன வைரக் குறி இருக்கும். எதுவும் வேலை செய்யவில்லை என்று புலம்பும் புதியவர்களில் பாதிப்பேருக்கு அந்த வைரம் வேறு திரையில் இருக்கும்.

ரேடாரும் தூரச் சண்டையும்

ரேடார் வானம் முழுவதையும் பார்ப்பதில்லை. இருட்டில் டார்ச் அடிப்பதைப் போல ஒரு குறுகிய துண்டைத்தான் பார்க்கிறது. கர்சருக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு எண்கள், அந்தத் தூரத்தில் எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை ஒளி விழுகிறது என்று ஆயிரம் அடிக் கணக்கில் சொல்லும். எதிரி 25,000 அடியில் இருக்க, உங்கள் எண்கள் 5, 15 என்று காட்டினால் அவர் உங்களுக்கு இல்லை. ஆன்டெனாவை ஏற்றி இறக்கும் அச்சுக்குக் கட்டாயம் ஒரு சக்கரம் ஒதுக்குங்கள்.

எதிரி உங்களுக்குக் குறுக்காகத் திரும்பினால் நெருங்கும் அல்லது விலகும் வேகத்தை வைத்து அறியும் டாப்ளர் ரேடார் அவரைத் தரையின் எதிரொலியிலிருந்து பிரிக்கத் திணறும், லாக் (ரேடார் பிடி) போய்விடும். நீங்களும் இதையே அவருக்குச் செய்யலாம். தூரத்து விமானத்தை அடிக்கும் அம்ராம் ஏவுகணை எட்டும் தூரம் ஒரு நிலையான எண் அல்ல. மேலே மெல்லிய காற்றில் வேகமாகப் போகும்போது விட்டால் எட்டும் தூரத்தில் சிறு பகுதிதான், தாழ்வாக மெதுவாகப் போகும்போது விட்டால் எட்டும். அதனால் தூரச் சண்டையின் முதல் வேலை ஏறுவது. விட்ட பிறகு நேராகப் போகாதீர்கள். எதிரி உங்கள் ரேடார் பார்வையின் ஓரத்தில் இருக்கும்படி பக்கமாகத் திரும்பி வேகத்தைக் குறையுங்கள். ஏவுகணை தன் சொந்த ரேடாரை இயக்கிக்கொண்டதும் முதுகு காட்டி ஓடலாம்.

கிட்டச் சண்டை

கணினி ஓட்டும் விமானங்கள் உங்களுடைய இயற்பியலை முழுசாக மதிப்பதில்லை. அவற்றோடு துப்பாக்கிச் சண்டை போட்டுத் தோற்றால் மனம் உடைய வேண்டாம். ஹார்னெட்டின் பலம் மெதுவான வேகத்தில் மூக்கைச் சட்டென்று திருப்புவது. எஃப்-16க்கு எதிராக நீண்ட நேரம் ஒரே திசையில் வட்டமடித்தால் அது உங்களை மெல்லத் துரத்திப் பிடிக்கும். நேருக்கு நேர் கடந்தவுடன் அவர் திரும்பும் பக்கத்தையே நோக்கி (அவர் வடக்கே திரும்பினால் நீங்களும் வடக்கே) திரும்பி வட்டத்தைச் சுருக்குங்கள். ஸ்டிக்கைத் திடீரென்று முழுசாக இழுத்தால் திரை கறுத்துவிடும், படிப்படியாக இழுங்கள். கண் எப்போதும் எதிரி மேல், உங்கள் வேக எண்ணை எட்டிப் பார்ப்பது அரை வினாடி. தலையைப் பின்தொடரும் வசதிக்குக் கொடுத்த காசு இங்கே வசூலாகும்.

ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் டேக்வியூ என்ற மென்பொருளில் பறப்பின் பதிவைத் திறந்து பாருங்கள். மேலிருந்து இரண்டு விமானங்களின் தடத்தையும் பார்த்தால், எங்கே வேகத்தை வீணாக்கினீர்கள் என்பது ஒரு நிமிடத்தில் தெரியும்.

எங்கே படிப்பது

மாட்யூலோடு வரும் பயிற்சி மிஷன்களை முதலில் முடியுங்கள். பிறகு சக்ஸ் கைட்ஸ் என்ற இலவசப் படவிளக்கக் கையேடுகள். மாட்யூலோடு வரும் அதிகாரபூர்வக் கையேட்டைவிட அவை தெளிவு. நிஜமான அடிப்படை வேண்டுமென்றால் அமெரிக்கக் கடற்படையின் விமானப் பயிற்சிப் பிரிவு தன் பாடநூல்கள் பலவற்றைப் பொதுவில் வைத்திருக்கிறது. ரகசிய ஆவணங்களைத் தேடிப் போகாதீர்கள். 2021 இல் வார் தண்டர் என்ற இணையப் போர் ஆட்டத்தின் ஆட்டக்காரர் ஒருவர் ஒரு வாதத்தில் ஜெயிப்பதற்காக பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கியின் கையேட்டுப் பக்கங்களையே பொதுவில் போட்டார். ஆட்டத்துக்காக யாரும் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை.

சர்வருக்குள் நுழைவது

தனியாகச் சுற்றி, குண்டு போட்டு, திரும்பி இறங்க முடிந்த பிறகு இணைய சர்வருக்கு வாருங்கள். மனிதர்கள் மட்டும் மோதும் சர்வர்களை விட்டு, எல்லோரும் ஒரே பக்கம் நின்று கணினியை எதிர்க்கும் சர்வரில் தொடங்குவது நல்லது. எஸ்ஆர்எஸ் என்ற இலவச ரேடியோ மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் நீங்கள் வைத்த அலைவரிசையில் உள்ளவர்கள்தான் உங்களைக் கேட்பார்கள். பேச வேண்டியது குறைவு. ஃபாக்ஸ் 1 என்றால் ஏவிய விமானத்தின் ரேடாரை நம்பிப் போகும் ஏவுகணை, ஃபாக்ஸ் 2 வெப்பத்தைத் தேடுவது, ஃபாக்ஸ் 3 சொந்த ரேடார் உள்ளது. யார், எங்கே, என்ன செய்யப்போகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு பட்டனை விடுங்கள். ரன்வேக்குள் நுழையும் முன் மட்டும் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே யாராவது இறங்கிக்கொண்டிருப்பார்கள்.